முதல் காருக்கு ஸ்பிட்ஃபயர் போதும்

பிரிட்டனில் பழைய கார் விற்பனை விளம்பரங்களைப் புரட்டினால் ஒரு வகை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பாடி ஒரு மூலையில், எஞ்சின் இன்னொரு மூலையில், மீதியெல்லாம் அட்டைப்பெட்டிகளில். வேலை பாதியில் நிற்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று கீழே ஒரு வரி. ஆசையோடு பிரித்தவரால் திரும்பப் பூட்ட முடியவில்லை. இதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. பதினெட்டு வயதில் ஸ்பானரைக் கையில் எடுக்கிறவருக்கு ஆர்வத்தில் குறை இருப்பதில்லை. குறை பெரும்பாலும் அவர் தேர்ந்தெடுத்த காரில் இருக்கிறது. படத்தில் பார்த்து மயங்கிய கார், அல்லது மலிவாகக் கிடைத்ததே என்று இழுத்து வந்த கார். முதன்முறையாகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சீர்செய்ய விரும்பும் இளைஞர் அழகையும் விலையையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எந்தக் கார் தனக்கு வேலை கற்றுக்கொடுக்கும் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு என் விடை ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அதிலும் 1970க்குப் பின் வந்தது. அதிலும் இன்றைக்கு ஓடிக்கொண்டிருப்பது.

ஸ்பிட்ஃபயர் 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. வராமலே போயிருக்கவும் கூடும். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவானி மிக்கெலோட்டி வரைந்த மாதிரி வண்டி, ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் நிறுவனம் பணமுடையில் இருந்த காலத்தில் தொழிற்சாலையின் ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961இல் அது லேலண்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியதும், புதிய நிர்வாகம் அந்த வண்டியைப் பார்த்து உற்பத்திக்கு ஒப்புதல் தந்தது. அடிப்படையில் இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த ஹெரால்ட் என்ற குடும்பக் காரின் சேஸிஸைக் குறுக்கி, அதன் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் முன் சஸ்பென்ஷனையும் வைத்துக் கட்டிய இரண்டு பேர் கார். வேகத்தில் பெரிய பெயர் கிடையாது. முதல் மாடலின் 1147 சிசி எஞ்சின் 63 குதிரைத்திறன் தந்தது. கடைசி மாடலான 1500இல் அது 71தான். ஆனாலும் 1980 ஆகஸ்டில் உற்பத்தி நின்றபோது 3 லட்சத்துக்கும் அதிகமான ஸ்பிட்ஃபயர்கள் வெளிவந்திருந்தன. குடும்பக் காரின் சாதாரண உறுப்புகள், பெரிய எண்ணிக்கை: அன்று விலையைக் குறைக்கச் செய்த ஏற்பாடுகள் இவை. இன்று புதிதாகப் பழகுகிறவருக்குக் கிடைக்கும் நன்மைகளில் பாதி இவற்றிலிருந்தே வருகின்றன.

பெரும்பாலான கார்களில் எஞ்சினில் கை வைக்க வேண்டுமென்றால் மட்கார்டின் மேல் குனிந்து, இடுப்பு வலிக்க, இருட்டில் துழாவ வேண்டும். ஸ்பிட்ஃபயரில் பானட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் ஒரே துண்டு. கீல் மூக்கு நுனியில் இருக்கிறது. முழுவதையும் முன்பக்கமாகச் சாய்த்துவிட்டால் எஞ்சின், ரேடியேட்டர், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் அத்தனையும் திறந்தவெளியில் நிற்கும். முன் டயரின் மேல் உட்கார்ந்தபடியே கார்புரேட்டரைச் சரிசெய்யலாம். கியர் பாக்ஸை இறக்கக் காரைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. இருக்கைகளையும் நடுவில் உள்ள மூடியையும் கழற்றினால் அது உள்ளேயிருந்தே வெளியே வரும். பிரிட்டனில் விற்ற வண்டிகளில் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன், ஒரு ஊசி, ஒரு ஜெட். எஞ்சின் அதிகக் காற்றை இழுத்தால் பிஸ்டன் எழுகிறது. கூம்பிய ஊசி அதோடு உயர்ந்து அதிகப் பெட்ரோலுக்கு வழிவிடுகிறது. விரலால் தூக்கிப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். நட்டை அரைச் சுற்றுத் திருப்பினால் எஞ்சினின் சத்தம் மாறுவதை அந்தக் கணமே காதால் கேட்கலாம். செய்ததற்கும் நடந்ததற்கும் இடையில் இவ்வளவு குறைந்த தூரம் இருக்கும் இயந்திரத்தில்தான், பக்கத்தில் ஆசான் இல்லாதவர் தன் தவறைத் தானே கண்டுபிடிக்க முடியும். எளிமையை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதற்காகத்தான்.

ஆசான் இல்லாத குறையைப் புத்தகம் ஓரளவு தீர்க்கும். அதற்கு ஒரு வரலாறே உண்டு. ஜான் ஹேன்ஸ் 1938இல் இலங்கையில், தேயிலைத் தோட்ட நிர்வாகி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இங்கிலாந்தில் பள்ளியில் படிக்கும்போதே பழைய ஆஸ்டின் 7 ஒன்றை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றி, செய்த விதத்தைச் சிறு புத்தகமாக எழுதி விற்றார். பிறகு பிரிட்டிஷ் விமானப்படை வேலையில் ஏடனில் இருந்தபோது, உடன் பணியாற்றியவரின் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டைச் சீர்செய்ய உதவினார். தொழிற்சாலை தந்த கையேடு சாமானியருக்குப் பயன்படாது என்று கண்டு, பிரிப்பதையும் பூட்டுவதையும் படிப்படியாகப் புகைப்படம் எடுத்தார். 1966இல் வெளிவந்த அவருடைய முதல் பட்டறைக் கையேடு அந்த வண்டிக்கானது. 3000 பிரதிகள் மூன்று மாதத்துக்குள் தீர்ந்தன. மலிவான ஒரு ஸ்போர்ட்ஸ் காரைத் தொழில்முறை மெக்கானிக் அல்லாத ஒருவர் பிரித்துப் பூட்டியதிலிருந்துதான் ஹேன்ஸ் கையேடுகளின் வரிசை முழுவதும் வளர்ந்தது. ஸ்பிட்ஃபயருக்கும் அதில் ஒன்று உண்டு. கூடவே 1977 முதல் இயங்கும் ட்ரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் இருக்கிறது. லிங்கனில் ரிம்மர் பிரதர்ஸ் போன்ற உதிரிபாக வியாபாரிகள் இருக்கிறார்கள். கேடனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தின் ஆவணங்களிலிருந்து, ஒரு வண்டி தொழிற்சாலையை விட்டு எந்த நிறத்தில் புறப்பட்டது என்பதுகூடச் சான்றிதழாகக் கிடைக்கும். அரிய கார் வாங்கியவர் ஒரு ரப்பர் வளையத்துக்காக மாதக்கணக்கில் அலைவார். ஸ்பிட்ஃபயர்க்காரர் அதைக் கேட்டு வாங்கிப் பொருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். முதல் முயற்சியில் உற்சாகத்தைக் கொல்வது கடினமான வேலையை விட இந்தக் காத்திருப்புதான் என்பது என் கணிப்பு.

இனி இந்த வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். வாங்கப்போகும் காரில் எதைப் பார்க்க வேண்டும்? புதியவர்கள் எஞ்சினைப் பார்க்கிறார்கள். ஸ்டார்ட் ஆகிறதா, புகை வருகிறதா என்று. பார்க்க வேண்டியது இரும்புத் தகட்டை. தேய்ந்த எஞ்சினுக்கு மருந்து தெரியும்: பேரிங், பிஸ்டன் வளையம், வால்வு, கேஸ்கட் எல்லாம் கடையில் கிடைக்கும், எவ்வளவு செலவு என்று முன்கூட்டியே கணக்கிடலாம். துருவுக்கு அந்தக் கணக்கு இல்லை. பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலைப் பனியைக் கரைக்க உப்புத் தூவுகிறார்கள். உப்புநீர் இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் புகுந்து உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். பெயிண்டில் ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே உள்ளங்கை அகலம் போயிருக்கலாம். அந்த இடத்தை வெட்டி, புதுத் தகடு வளைத்து, வெல்டிங் செய்து, தேய்த்துச் சமன்படுத்துவது கைவேலை, மணிக்கணக்கில் கூலி. ஸ்பிட்ஃபயரில் இது இன்னும் முக்கியம். ஹெரால்டின் சேஸிஸில் இருந்த பக்கவாட்டுச் சட்டங்களை ஸ்பிட்ஃபயருக்கு எடுத்துவிட்டார்கள். ஆகவே நடுவில் ஓடும் முதுகெலும்பு போன்ற சேஸிஸ் மட்டும் பாரத்தைத் தாங்குவதில்லை. கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடும் சில் என்ற பெட்டிப்பகுதியும் சேர்ந்து தாங்குகிறது. பின்சக்கரங்களைப் பிடித்திருக்கும் கம்பிகள்கூட பாடியின் தளத்தில்தான் பூட்டப்பட்டிருக்கின்றன. சில் இற்றுப்போனால் கார் நடுவில் தொய்கிறது. கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் இடையேயுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்தாலே இது பிடிபடும். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் அந்தக் காரை விட்டுவிட வேண்டும். கையில் ஒரு சிறு காந்தம் இருக்கட்டும். சில்லின் மேலும் சக்கர வளைவுகளிலும் அது ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. விற்பவர் முகம் சுளித்தாலும் தரைவிரிப்பைத் தூக்கித் தளத்தைப் பார்க்க வேண்டும். டிக்கிக்குள் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அடித்தட்டைப் பார்க்க வேண்டும். முன்பக்கம் கதவுக் கீல் பிடித்திருக்கும் தூணின் அடியைத் தட்டிப் பார்க்க வேண்டும். தகடு நன்றாகவும் எஞ்சின் சுமாராகவும் உள்ள கார், எஞ்சின் நன்றாகவும் தகடு சுமாராகவும் உள்ள காரைவிட இரண்டு மடங்கு விலை சொன்னாலும் முன்னதையே நான் எடுக்கச் சொல்வேன்.

ஸ்பிட்ஃபயர் குறையில்லாத கார் என்று யாரும் எண்ண வேண்டாம். அதன் குறைகள் எல்லாருக்கும் தெரிந்தவை, பெயர் வைக்கப்பட்டவை, வழி கண்டுபிடிக்கப்பட்டவை. பழகுகிறவருக்கு அதுதான் வேண்டும். முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டு, அடியில் டிரன்னியன் என்ற உலோகப் பிடியின் மரைக்குள் திருகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழல்கிறது. அதற்கு கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் கூடாது. எண்ணெய் வற்றி நீர் இறங்கினால் தண்டு அரித்து ஒருநாள் முறியும், சக்கரம் மடிந்துவிடும். 1500 மாடலின் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தடுக்கும் வாஷர்கள் தேய்ந்து கீழே விழுவது உண்டு. விழுந்தால் எஞ்சின் பிளாக்கே கெடும். தேய்மானத்தைக் கண்டறிய, ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் உள்ள புல்லியைக் கவனித்தால் போதும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியுமளவு அது நகர்ந்தால் உடனே கவனிக்க வேண்டும். எஞ்சினை இறக்காமல் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியைக் கழற்றியே வாஷர்களை மாற்றலாம். பழைய மாடல்களின் பின் ஆக்சில் மிகப் பெரிய குறை. வளைவில் வேகமாகப் போகையில் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்ளே மடங்கிக் கார் சுழலும். 1970இல் வந்த மார்க் 4இல் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றி இதைப் பெருமளவு அடக்கினார்கள். 1970க்குப் பின் வந்ததை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இது ஒன்றே.

எம்ஜிபியை ஏன் சொல்லவில்லை என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். அதே 1962இல் வந்து அதே 1980இல் நின்ற கார். 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. 1798 சிசி எஞ்சின் ஸ்பிட்ஃபயரின் எஞ்சினைவிட முரட்டு உழைப்பாளி. உதிரிபாகங்களோ இன்னும் தாராளம். 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் பழைய அச்சுகளை வைத்து முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறது. நல்ல எம்ஜிபி ஒன்று பக்கத்திலேயே கிடைத்தால் அதை விட்டு ஸ்பிட்ஃபயரைத் தேடி ஓட வேண்டாம். ஆனால் எம்ஜிபியில் தனிச் சேஸிஸ் கிடையாது; பாடியே சேஸிஸ். துருப்பிடித்த சில்லை உள்ளடுக்கு வெளியடுக்கு என்று பிரித்து மாற்றும்போது, காரைச் சரியாகத் தாங்கி நிறுத்தாவிட்டால் மொத்த வண்டியும் கோணிப்போகும். ஸ்பிட்ஃபயரிலும் அந்த ஆபத்து உண்டென்றாலும், அடியில் ஒரு சட்டம் தனியாக இருப்பதால் எது எதைத் தாங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக் கற்கலாம். முன்பக்கம் முழுதாகத் திறப்பதும் சேர்ந்து, என் தராசு ஒரு விரல்கடை இந்தப் பக்கம் சாய்கிறது.

மாஸ்டா எம்எக்ஸ்-5 பற்றிய ஆட்சேபம் இதைவிட வலுவானது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, 2016இல் 10 லட்சத்தை எட்டிய கார். மழையிலும் ஸ்டார்ட் ஆகும், எண்ணெய் ஒழுகாது, பிரேக் நன்றாகப் பிடிக்கும். முதல் தலைமுறை வண்டிகளில் பலவற்றுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டதால் அவையும் பழைய கார்கள்தான். ஓட்டி மகிழ்வதற்காக மட்டும் ஒரு கார் வேண்டுமென்றால் எம்எக்ஸ்-5 வாங்குவதே புத்தி. இதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதன் நற்குணமே கற்பவருக்குக் குறையாகிறது. பெட்ரோல் எவ்வளவு, தீப்பொறி எப்போது என்பதை ஒரு மின்னணுப் பெட்டி தீர்மானிக்கிறது. அது நன்றாக வேலை செய்தால் பார்க்க ஒன்றுமில்லை, கெட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஸ்பிட்ஃபயர் சில நூறு மைலுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கவனிப்பைக் கேட்கும். கற்றல் நடப்பது அங்கேதான்.

கனவுக் காரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜாகுவார் ஈ-டைப்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் அதன் புகழுக்கேற்ற விலை. போர்ஷே 944 வாங்கும்போது சில சமயம் மலிவாக வரும். ஆனால் அதன் கியர் பாக்ஸ் பின்பக்கம் இருப்பதால் ஒரு கிளட்ச் மாற்றப் பாதிக் காரைக் கழற்ற வேண்டும். எஞ்சின் பெல்ட்டைக் காலத்தில் மாற்றாமல் அது அறுந்தால் வால்வுகள் போய்விடும். பணத்தைவிடக் கனமான காரணம் ஒன்றும் இருக்கிறது. சில நூறு மட்டுமே செய்யப்பட்ட கார் ஒன்றில் பழகாத கை தவறு செய்தால் அந்தத் தவறு வரலாற்றில் நிற்கும். ஒரிஜினல் தகடு ஒன்றை வெட்டி எறிந்தால் அது திரும்ப வராது. மூன்று லட்சம் செய்யப்பட்ட காரில் ஒரு மட்கார்டை அசிங்கமாக வெல்டிங் செய்துவிட்டால் அறுத்துவிட்டு மறுபடி செய்யலாம். எண்ணிக்கையில் நிறைய உள்ளது, கற்பவரின் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

பெற்றோர் எழுப்பும் ஆட்சேபம் பாதுகாப்பு பற்றியது. அதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை என்பதை மறைக்க மாட்டேன். 800 கிலோ எடைகூட இல்லாத கார். ஏர் பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. பெட்ரோல் டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. இன்றைய பெரிய வண்டி ஒன்றோடு மோதினால் அது என்ன ஆகும் என்பதில் சந்தேகமில்லை. அதனால் இதைத் தினசரி வாகனமாக வைத்துக்கொள்ளக் கூடாது. புதிதாக உரிமம் பெற்றவர் மழையிலும் இரவிலும் நெடுஞ்சாலையிலும் இதை ஓட்டக் கூடாது. பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த கார்களுக்கு 2018 மே முதல் வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஸ்பிட்ஃபயர்கள் எல்லாமே இப்போது அந்தச் சலுகைக்குள் வந்துவிட்டன. அந்தச் சலுகையைப் புதியவர் ஏற்கவே கூடாது என்பேன். தன் கையால் பூட்டிய பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் வேறொரு கண் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். அதேசமயம் சாலை மட்டும்தான் ஆபத்து என்று நினைப்பதும் தவறு. ஜாக்கி மட்டும் முட்டுக் கொடுத்திருக்கும் காரின் அடியில் படுப்பது உயிரைப் பறிக்கும். இரும்பு ஸ்டாண்டுகள் இல்லாமல் ஒரு நிமிடம்கூட அடியில் போகக் கூடாது. அந்தக் காலத்துப் பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பழைய டிரம்மைத் திறக்கும்போது தூசியை ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை, 2021இல் பிரிட்டனில் வந்த பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் இளக்கிவிடும் என்பதால், வாங்கிய வாரமே மாற்றிவிட வேண்டும்.

போட்ட பணம் திரும்பி வராது என்பதும் உண்மை. ஸ்பிட்ஃபயர் ஒன்றை முழுதாகச் சீர்செய்தால் ஆகும் செலவு, சீர்செய்த ஸ்பிட்ஃபயர் ஒன்றின் சந்தை விலையை எளிதில் தாண்டிவிடும். ஆதாயத்துக்காக இறங்குகிறவர் வேறு வேலை பார்க்கலாம். ஆனால் கணக்கை ஒரு பக்கம் மட்டும் எழுதக் கூடாது. வெல்டிங், மின்சுற்றைத் தடம் பிடிப்பது, அளவுக்கருவி கொண்டு தேய்மானம் பார்ப்பது, ஒரு கோளாற்றின் காரணத்தை ஊகித்து ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வருவது, இவற்றை வகுப்பில் சேர்ந்து கற்றாலும் பணம் செலவாகும். இந்தத் திறமைகளுக்குப் பெட்ரோல் கார்களுக்கு அப்பாலும் தேவை இருக்கிறது.

செலவையும் சோர்வையும் கட்டுக்குள் வைக்க ஒரு வழி உண்டு. ஓடும் காரை வாங்கி, ஓடவிட்டபடியே பகுதி பகுதியாகச் சீர்செய்வது. முதல் குளிர்காலத்தில் பிரேக், டிரன்னியன், பெட்ரோல் குழாய், டயர். அவ்வளவுதான். வசந்தத்தில் ஓட்டிப் பார்த்தால் அடுத்து எது வேண்டும் என்பதைக் காரே காட்டும். அடுத்த குளிர்காலத்தில் வயரிங். பழைய பிரிட்டிஷ் கார்களின் மின்கோளாறுகளில் பல துருப்பிடித்த எர்த் இணைப்பில் தொடங்குபவை, சுத்தம் செய்தாலே தீருபவை. எஞ்சினைத் திறக்கும் முன் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் அளக்க வேண்டும். நாலும் போதிய அளவாகவும் ஏறத்தாழ ஒன்றுபோலவும் காட்டினால் அதைத் திறக்கவே வேண்டாம். பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரே நேரத்தில் ஒரு பகுதி மட்டுமே பிரிந்திருக்கும்போது எந்த போல்ட் எங்கே இருந்தது என்பது மறப்பதில்லை. முழுதாகப் பிரித்துப் புத்தம்புதிதாகக் கட்டும் வேலையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அது இரண்டாவது காருக்கானது.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் குடும்பம் அந்நியமல்ல. வண்டலூர்ப் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1960களில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் செய்து விற்றது ஸ்பிட்ஃபயருக்கு மூலமான அதே காரைத்தான். நாலு கதவு வைத்த ஹெரால்ட் இந்தியாவுக்கென்றே செய்தது. இங்கு ஸ்பிட்ஃபயர் கிடைப்பது அரிது, ஹெரால்ட் இன்னும் தென்படுகிறது. அதற்கும் முன்னோக்கித் திறக்கும் அதே பானட், அதே தனிச் சேஸிஸ். ஹெரால்ட் ஒன்றைப் பார்க்கப் போகிற இளைஞர் சேஸிஸின் பக்கச் சட்டங்களைத் தட்டிப் பார்க்கட்டும்; முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டிரன்னியனில் இதற்குமுன் விட்டது எண்ணெயா கிரீஸா என்று உரிமையாளரிடம் கேட்கட்டும்.